நல்ல நேரத்தில் அழுத்திய பட்டன்

புதன்கிழமை காலை பத்து மணி பதினோரு நிமிஷத்துக்கு, ஒரு கையில் காபி டம்ளரோடு, நான் மூன்று கல்யாணங்களையும் ஒரு காதுகுத்தையும் அழித்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே ஒரு பட்டன்தான். பச்சை நிறத்தில், 'எல்லாவற்றையும் லைவுக்கு அனுப்பு' என்று மரியாதையாகத்தான் கேட்டது. நானும் மரியாதைக்கு மரியாதையாக அழுத்திவிட்டேன்.

"அனுப்பிட்டீங்களா?" என்றாள் எதிர் மேஜையிலிருந்து அக்ஷயா.

"அனுப்பியாச்சு."

"டேட்டாபேஸை விட்டுட்டுத்தானே?"

காபியைக் கீழே வைத்தேன். அருமையான கேள்வி. ஒரு நிமிஷம் முன்னால் கேட்டிருந்தால் இன்னும் அருமையாக இருந்திருக்கும்.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. நானும் அக்ஷயாவும் பார்ட்னர்கள். வேர்ட்பிரஸில் வெப்சைட் செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுப்பது என் வேலை. அதைக் காப்பாற்றுவது அவள் வேலை. விசிட்டிங் கார்டில் மட்டும் 'மனோஜ்குமார், தொழில்நுட்ப இயக்குநர்' என்று போட்டிருக்கும். அந்தக் கார்டை அடித்தது நான்தான்.

நடந்தது என்னவென்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வெப்சைட்டில் யாரும் நேராகக் கை வைப்பதில்லை. அதை அப்படியே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து, அதில் மாற்றங்களைச் செய்து பார்ப்போம். அதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். சமையல்காரர் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்கிற ரசம் ஸ்டேஜிங்; பந்தியில் ஊற்றுகிற ரசம் லைவ். நான் செய்தது, மூன்று வாரத்துக்கு முன் நக்கிப் பார்த்த ரசத்தைக் கொண்டுவந்து, இன்றைய அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, அதில் ஊற்றியது.

அண்டா, சத்தி ரோட்டில் இருக்கும் சாமந்தி மகாலுடையது. உரிமையாளர் கோவிந்தராஜுலு. அவருடைய வெப்சைட்டில் ஒரு காலண்டர் உண்டு. காலியாக இருக்கும் தேதி பச்சை, புக் ஆன தேதி சிவப்பு. வீட்டிலிருந்தபடியே பேர், ஊர், போன் நம்பர், மெயில், விசேஷம், தேதி எல்லாம் போட்டு மண்டபத்தைப் பிடித்துவிடலாம். அந்த சைட்டைப் புதுசாக்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். முகப்பில் பெரிய சாமந்திப்பூ. கார் நிறுத்துமிடத்தின் வீடியோ. வாடிக்கையாளரே தேதியை மாற்றிக்கொள்ள ஒரு பட்டன்.

"அப்புறம் தம்பி, புக்கிங் பாரத்துல பொண்ணு மாப்ள பேரு கேக்கற கட்டம் ஒண்ணு வெச்சுருங்க" என்றார்.

"அடுத்த தடவை வெச்சுக்கலாங்க. பாரம் நீளமா இருந்தா ஜனங்க பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றேன். தொழில்நுட்ப இயக்குநர் அல்லவா.

பேர் கேட்கிற வேலையை மகாலில் ஏற்கனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தெர்மோகோலில் மணமக்கள் பெயர் வெட்டி மேடையில் மாட்டுகிற ஆல்வின். புக்கிங் வந்ததும் அவருக்கு ஒரு தகவல் போகும். அவர் பார்ட்டிக்கு போன் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொள்வார். அப்புறம் எதற்குக் கட்டம்?

சாமந்திப்பூவின் மஞ்சளுக்கே மூன்று வாரம் ஆனது. கோவிந்தராஜுலுவுக்கு ஒன்று வெளுத்திருந்தது, இன்னொன்று வாடியிருந்தது. கடைசியில் ஒரு மஞ்சளுக்குத் தலையாட்டிவிட்டு, "புதன்கிழமை ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள ஏத்திப்போடுங்க தம்பி. நல்ல நேரம்" என்றார்.

ஒன்பதே காலுக்கு நான் ரெடி. பேக்கரியில் காபி ரெடியாகவில்லை. மேலே ஏறி வந்து உட்கார்ந்தபோது நல்ல நேரம் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று சைட் பதினேழு கட்டங்களைக் காட்டிக் கேட்டது. பதினேழையும் படித்தால் கெட்ட நேரம் வந்துவிடும். கீழே அந்தப் பச்சைப் பட்டன் இருந்தது.

புக்கிங் எல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கும். மூன்று வாரத்தில் லைவில் வந்த நாலு புக்கிங்கும் போயே போயின.

"பதறாதீங்க" என்றாள் அக்ஷயா. "நாலு பேருக்கும் போன உறுதி மெயிலோட காப்பி நமக்கும் வந்திருக்கும். அதுல இருந்து எடுத்து..."

அதற்குள் என் கம்ப்யூட்டர் டிங் என்றது. புதிய புக்கிங். திருமூர்த்தி, துடியலூர். திருமணம். ஆவணி மாசக் கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கிழமை.

தொடர்ந்து போனும் அடித்தது. உதவி எண் என்று சைட்டில் என் நம்பரைத்தான் போட்டிருந்தேன்.

"ஏனுங்க தம்பி, திருமூர்த்தி பேசறனுங்க. துடியலூர்ல மோட்டார் பட்டறை வெச்சிருக்கறனுங்க. இப்பத்தான் உங்க மகாலைப் போட்டேன். வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. வாழ்த்துகளுங்க."

"அந்த வெள்ளிக்கிழமை பச்சையா இருக்குதுன்னு பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சுங்க தம்பி. யாரையும் கேக்கவும் சங்கடமுங்க. சட்டுனு நானே போட்டுட்டேன்."

"புது சைட்டுங்க. பச்சை கொஞ்சம் பளிச்சுனு தெரியும்" என்றேன் பெருமையாக.

போனை வைத்ததும் அக்ஷயா தன் திரையை என் பக்கம் திருப்பினாள். பழைய உறுதி மெயில். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வந்தது. லட்சுமணசாமி, பொள்ளாச்சி. திருமணம். ஆவணிக் கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கிழமை.

நான் அழித்த மூன்று கல்யாணங்களில் ஒன்று.

ஒரே மண்டபம், ஒரே நாள், ரெண்டு கல்யாணம். அடுத்தது புரட்டாசி. யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். இதை விட்டால் ஐப்பசிதான்.

"இப்ப எதையும் தொடாதீங்க. யோசிச்சு..." என்றாள் அக்ஷயா.

தொட்டேன். காலையில் எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டேன். பழைய சைட் வந்தது, லட்சுமணசாமி வந்தார், காதுகுத்தும் வந்தது. திருமூர்த்தி காணாமல் போனார். புது சாமந்தியும் காணாமல் போனது.

கோவிந்தராஜுலு உடனே கூப்பிட்டார். "தம்பி, நல்ல நேரத்துல வந்த பூவு எங்கீங்க போச்சு?"

"இதோ வருதுங்க."

இந்தத் தடவை டேட்டாபேஸைத் தொடாமல், ஃபைல்களை மட்டும் அனுப்பினேன். சைட்டின் பாதி அலங்காரம் டேட்டாபேஸுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது, அனுப்பின பிறகு நினைவுக்கு வந்தது. பூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். கார் வீடியோவுக்கு மேல் கோவிந்தராஜுலுவின் போட்டோ ஏறிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு அவரே கார்களை ஓரம் கட்டுவது போலத் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. புது டேட்டாபேஸையே மறுபடி ஏற்றி, விட்டுப்போன புக்கிங்குகளைத் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு. அக்ஷயா ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கலாம் என்றாள். மொத்தமே அஞ்சு. ஆனால் கையால் அடிப்பது ஒரு இயக்குநருக்கு அழகில்லை. நான் புக்கிங் பட்டியல் முழுவதையும், திருமூர்த்தியையும் சேர்த்து, ஒரே கோப்பாக எடுத்து உள்ளே தள்ளினேன். மகால் திறந்த நாளிலிருந்து இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு விசேஷங்கள்.

சைட் அத்தனையையும் புது புக்கிங் என்று நினைத்துக்கொண்டது. சைட்டைக் குறை சொல்ல முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நொடியில் வாட்ஸ்அப் பறந்தது: 'தங்கள் இல்லத் திருமணத்துக்கு நல்வாழ்த்துகள். மகால் உறுதி செய்யப்பட்டது.'

முதல் போன் சூலூரிலிருந்து.

"ஏனுங்க, எனக்குப் போன வருசமே கல்யாணம் ஆயிப்போச்சுங்க."

"தெரியுங்க. தவறுதலா..."

"உங்களுக்குத் தெரியுதுங்க. எம் பொண்டாட்டி பக்கத்துல நின்னுட்டிருக்கா. நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, எனக்கு வேற கல்யாணம் எதுவும் இல்லீன்னு."

சொன்னேன். அந்தம்மா நம்பவில்லை. "அப்ப மகாலை எதுக்குங்க உறுதி பண்ணுனீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

அன்று மட்டும் எழுபது பேருக்கு, அவர்களுக்குக் கல்யாணம் இல்லை என்று விளக்கினேன். ஒரு பெரியவர் அறுபதாம் கல்யாணம் நடத்தியவர். "மறுக்காவுமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் ஆசையாகவே போனை வைத்தார். நடுவில் ஆல்வின்கூடக் கூப்பிட்டார்.

"சார், ஒரு சந்தேகமுங்க. அந்த ஆவணி வெள்ளிக்கிழமைக்கு..."

"ஆல்வின், உங்களுக்கும் கல்யாணம் இல்லீங்க. அப்புறம் பேசறேன்."

சாயங்காலம் கோவிந்தராஜுலுவிடம் நேரில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க மேல கோவமில்லீங்க தம்பி" என்றார்.

கோயம்புத்தூரில் ஒருவர் இதைச் சொன்னால், அடுத்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அவர் மச்சான்களுக்கு இன்னும் ரெண்டு மகால் இருக்கிறது. அந்த ரெண்டு சைட்டும் எங்களுக்குத்தான் வருவதாக இருந்தது. பேக்கரி மாடி வாடகை அதை நம்பித்தான் இருக்கிறது.

"ஆனா பாருங்க, ஒரே வாசல்ல ரெண்டு மாப்ள வந்து எறங்கினா, நான் யாருக்குங்க சந்தனம் நீட்டறது? என்ற மகாலுக்கு வந்த யாரையும் நான் இன்னைக்கு வரைக்கும் திருப்பி அனுப்புனதில்லீங்க."

"ஒருத்தரை மாத்திடறேனுங்க. முந்தின புதன்கிழமையும் முகூர்த்தந்தானுங்களே. அதுவும் காலியாத்தான் இருக்கு."

"யாரை மாத்துவீங்க?"

"நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்றது. பாத்து நல்லபடியாப் பண்ணுங்க."

அக்ஷயா மட்டும் தெளிவாகச் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லிருங்க. எங்க தப்பு, ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் விழுந்துருச்சுன்னு."

"அப்படிச் சொன்னா நம்ம தப்புன்னு தெரிஞ்சுருமே."

"நம்ம தப்புதானே?"

"அது நமக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். லட்சுமணசாமி கொப்பரை வியாபாரி. பின்னால் லாரி சத்தம்.

"ஐயா, அந்த வெள்ளிக்கிழமை மகால்ல ஜெனரேட்டர் சர்வீஸ் வருதுங்க. கரண்டு கட்டானா சங்கடம். புதன்கிழமைக்கு மாத்திக்க முடியுங்களா?"

பொய் எனக்குச் சுலபமாக வரும். உண்மைதான் தொண்டையில் நிற்கும்.

"ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டமுங்களே தம்பி."

"புரியுதுங்க."

"செரிங்க. ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

இதற்கு என்ன அர்த்தம் என்று பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கும் எனக்கும் தெரியாது. சரி என்றும் இருக்கும். செத்தாலும் முடியாது என்றும் இருக்கும். சொல்கிற தொனி ரெண்டுக்கும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பதில் வந்தது. போனில் அல்ல, சைட்டில். லட்சுமணசாமி 'தேதி மாற்று' பட்டனை அழுத்தித் தானே புதன்கிழமைக்குப் போய்விட்டார். எழுந்து நின்று அக்ஷயாவுக்குப் போன் செய்தேன். "முடிஞ்சுது! லட்சுமணசாமி புதன், திருமூர்த்தி வெள்ளி. ஒருத்தருக்கும் உண்மை தெரியாது!"

"இருங்க" என்றாள் அவள். "திருமூர்த்தி எதுக்கு புதன்ல இருக்காரு?"

பார்த்தேன். நாலு இருபத்தஞ்சுக்குத் திருமூர்த்தியும் புதன்கிழமைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் புதுப் பட்டன் சிவப்புத் தேதிக்கும் இடம் கொடுக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பச்சையாக, பளிச்சென்று, காலியாகக் கிடந்தது.

"ரெண்டு ரெக்கார்டும் ஒட்டிக்கிச்சு" என்றேன். "நான் தள்ளுன கோப்புல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சிங்க் ஆயிருக்கு. ஒண்ணை நகர்த்துனா இன்னொண்ணும் நகருது."

"யார் எப்ப மாத்துனாங்கங்கற பதிவுல பாத்தேன். ரெண்டும் வேற வேற போன்ல இருந்துதான் மாத்தியிருக்காங்க."

"பதிவு பொய் சொல்லுது."

"பதிவு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"பயந்திருக்கும்."

திங்கட்கிழமை முழுக்க காலண்டரை ஓட்டுகிற பிளகின் என்ற குட்டி மென்பொருளைப் பிடுங்கி, பழைய பதிப்பைப் போட்டு, அதையும் பிடுங்கி, வேறொன்று போட்டேன். நடுவில் காதுகுத்து ரெண்டு மணி நேரம் காணாமல் போய்ப் பசியோடு திரும்பி வந்தது. பிறகு திருமூர்த்தியை மட்டும் என் கையாலேயே வெள்ளிக்கிழமைக்கு நகர்த்தி, 'நிர்வாகக் காரணங்களால் மாற்றப்பட்டது' என்று அவருக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன்.

அவர் கூப்பிட்டார். திட்டுவார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமைங்களா தம்பி?"

"ஆமாங்க. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"செரிங்க. நீங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்குமுங்க."

காரணத்தைக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும் என்று அவருக்குச் சங்கடம். அந்த நல்ல மனசை நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, லட்சுமணசாமியும் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்தார்.

நான் மேஜையில் தலையை வைத்துப் படுத்தேன்.

"இது சிங்க் இல்லீங்க. இது சூனியம்" என்றேன்.

"எந்திரிங்க. போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றாள் அக்ஷயா.

அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை அந்த 'தேதி மாற்று' பட்டனையே எடுத்துவிட்டு, லட்சுமணசாமியைக் கையால் புதன்கிழமைக்குத் தூக்கிப் போட்டு, அவருக்கும் ஒரு நிர்வாகக் காரணம் அனுப்பினேன். இனி யாரும் எங்கேயும் நகர முடியாது. பதினோரு மணிக்குத் திருமூர்த்தி கூப்பிட்டார்.

"தம்பி, புதன்கிழமை ஏதாச்சும் காலியா இருக்குதுங்களா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க."

"வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்க. கடைசி முகூர்த்தம். புதன்கிழமைல எடமே இல்லீங்க."

"செரிங்க."

சரியாக ஒரு மணி நேரம். லட்சுமணசாமி.

"தம்பி, நம்மளை வெள்ளிக்கிழமைக்கே போட்டுருங்க."

"ஜெனரேட்டருங்க?"

"இருட்டுல பண்ணிக்கறமுங்க."

"ஐயா, நேராக் கேக்கறேன். எதுக்குங்க மாத்திட்டே இருக்கீங்க?"

"நீங்கதானுங்களே மொதல்ல மாத்தச் சொன்னீங்க."

அது ஒன்றுதான் அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த தெளிவான வாக்கியம். அதுவும் என்மேலேயே விழுந்தது.

"அது சரிங்க. இப்ப எதுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அப்படியே இருந்துக்கட்டுமுங்க."

அவரை நானே வெள்ளிக்கிழமைக்குத் திரும்பத் தூக்கிப் போட்டேன். மறுநாள் ஒருவரும் கூப்பிடவில்லை. காலண்டரில் வெள்ளிக்கிழமை சிவப்பு. ஒரே சிவப்புக்குள் ரெண்டு கல்யாணம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் வலப்பக்கம் ஒரு மாப்பிள்ளையும் இடப்பக்கம் ஒரு மாப்பிள்ளையும் தெரிந்தார்கள். நான் நடுவில் ரசத்தை ஊற்றினேன்.

வியாழக்கிழமை காலை லட்சுமணசாமி கூப்பிட்டார். பின்னால் லாரி சத்தம் இல்லை.

"தம்பி, அந்தப் புக்கிங்கை எடுத்துப்போடுங்க."

"எந்த நாளுக்கு மாத்தோணுமுங்க?"

"எந்த நாளுக்கும் வேண்டாமுங்க. நின்னுபோச்சு."

தேதியை எழுதிக்கொள்ள எடுத்த பேனாவை மூடினேன்.

"சம்மந்தி ஊட்டுல ஒரு நிலையான பேச்சு இல்லீங்க தம்பி. இன்னைக்கு ஒரு நாளு, நாளைக்கு ஒரு நாளு. மனசுல பிரியமில்லாமத்தான் நாளை இழுத்தடிக்கறாங்கன்னு எங்க ஊட்டுப் பொம்பளைங்க சொல்லிப்போட்டாங்க. நானும் வாயத் தொறந்து கேக்கல. அவிகளும் சொல்லல."

"கேட்டிருக்கலாமுங்களே?"

"எப்படிங்க கேக்கறது? மரியாதையா இருக்காதுங்களே."

"கல்யாணம் பண்ணிக்கறவங்க என்னங்க சொல்றாங்க?"

"பையன் ரெண்டு நாளாச் சோறு உங்கல."

போனை வைத்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்குள் ஒருத்தன் எழுந்து நின்று கைதட்டினான். ஒரு கல்யாணம் குறைந்தது! திருமூர்த்திக்கு வெள்ளிக்கிழமை. கோவிந்தராஜுலுவுக்கு ஒரே மாப்பிள்ளை, ஒரே சந்தனம். எங்களுக்கு இன்னும் ரெண்டு சைட்.

லட்சுமணசாமியின் வரிசையை அழிக்க மவுஸை எடுத்தேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. போன வாரம் புதன்கிழமை இப்படி ஒரு கேள்வியை அது கேட்டிருந்தால் இந்த ஆளுக்கு ஜெனரேட்டர் என்ற வார்த்தையே காதில் விழுந்திருக்காது. மனசுக்குள் கைதட்டினவன் மெல்ல உட்கார்ந்துவிட்டான். அழிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் மறுபடி அடித்தது. திருமூர்த்தி.

"தம்பி, ஒரு சங்கடமான சேதிங்க" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "மகாலு வேண்டாமுங்க. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

"ஐயா, வெள்ளிக்கிழமை முழுசா உங்களுக்குத்தானுங்க. யாரும் குறுக்க வரமாட்டாங்க. ஜெனரேட்டர்கூட..."

"அதுக்கில்லீங்க. விசேசமே இல்லீன்னு ஆயிப்போச்சு. புள்ள அழுதுட்டிருக்குது. நான் வெச்சர்றனுங்க."

அக்ஷயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் கேன்சல்" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும். இதைக்கூட ஒண்ணைப் பாத்து ஒண்ணு பண்ணுது."

அவள் சிரிக்கவில்லை. "இப்பவாவது போய் ஓனர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. ரெண்டு வீட்டுக்கும் நாமளே போய்ச் சொல்லலாம், தேதி குழம்புனது எங்களாலதான்னு. ஒரு கல்யாணமாவது மிஞ்சட்டும்."

வண்டியை எடுத்துக்கொண்டு சத்தி ரோட்டில் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் நன்றாகத்தான் வந்தது. ஒத்திகையில் எனக்கு எல்லாமே நன்றாகத்தான் வரும். லைவில்தான் வராது.

கோவிந்தராஜுலு வெளியே போயிருந்தார். மகால் காலியாக இருந்தது. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டு, மேடைக்கு எதிரே உட்கார்ந்தேன். எதிரே வெறும் மேடை. பின்னாலிருக்கும் அறையிலிருந்து தெர்மோகோல் தீய்ந்த வாசனை வந்தது.

ஆல்வின் தலையெல்லாம் வெள்ளைத் துகளோடு வெளியே வந்தார். "வாங்க சார். நானே கூப்பிடலாம்னு இருந்தேன். அன்னைக்கு ஒரு சந்தேகம் கேட்டனுங்களே, நீங்க எனக்குக் கல்யாணம் இல்லீன்னு வெச்சுட்டீங்க."

"என்ன சந்தேகம் ஆல்வின்?"

"அந்த ஆவணி வெள்ளிக்கிழமை. பொள்ளாச்சிப் பார்ட்டியும் துடியலூர்ப் பார்ட்டியும். புதன்னு சொல்றாங்க, வெள்ளின்னு சொல்றாங்க. எதுன்னு ஒண்ணு சொன்னீங்கன்னா கீழ தேதி ஒட்டிருவேன்."

"தேதி ஒட்ட வேண்டாம்" என்றேன். "ரெண்டு கல்யாணமும் நின்னுபோச்சு. என்னாலதான். நான் அழுத்துன ஒரு பட்டனால. ரெண்டு வீட்டுலயும் புள்ளைக சாப்பிடாம அழுதுட்டிருக்குதுக. உங்களுக்கும் ரெண்டு போர்டு வீணாப்போச்சு."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக உண்மையை முழுசாகச் சொல்லியிருந்தேன், அதுவும் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, தெர்மோகோல் வெட்டுகிறவரிடம்.

ஆல்வின் என்னை விநோதமாகப் பார்த்தார். உள்ளே போய், எழுத்துகள் ஒட்டின பெரிய பலகை ஒன்றை ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, மேடை ஓரத்தில் சாய்த்து வைத்தார். அருள்குமார் ஒரு பக்கம், லோகப்பிரியா ஒரு பக்கம், நடுவில் ஒரு சாமந்திப்பூ. மஞ்சள் சரியாக வந்திருந்தது.

"ரெண்டு போர்டா? அந்த ரெண்டு பார்ட்டியும் எங்கிட்டக் குடுத்தது இதே பேருதானுங்களே சார். மாப்ள ஊடும் பொண்ணு ஊடும் ஆளுக்கொரு போர்டு சொல்லிட்டாங்களாட்ட இருக்குதுன்னு, நான் ஒண்ணுதான் வெட்டுனேன்."